ஆபீசில் தூங்கலாமா?

மத்தியானச் சாப்பாடு முடிந்து கம்ப்யூட்டர் முன்னால் கண் செருகினால், அந்த ஆளுக்குச் சோம்பேறிப் பட்டம் உறுதி. சென்னையில் நடந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகு அந்தப் பட்டத்தை அவ்வளவு சுலபமாகக் கொடுக்க மனம் வராது.

கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு உள்ளிட்ட ஐந்து பொருளாதார அறிஞர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு அது. குறைந்த வருமானம் கொண்ட 452 சென்னைவாசிகளுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் டேட்டா என்ட்ரி வேலை. எவ்வளவு அடிக்கிறார்களோ அதற்கேற்ற கூலி. மணிக்கட்டில் கட்டிய கருவி தூக்கத்தை அளந்தது. இரவில் படுக்கையில் கிடந்தது 8 மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, தெருச் சத்தம். ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு மே மாதத்தைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு பகுதியினருக்கு மின்விசிறி, மெத்தை, காதடைப்பான் எல்லாம் கொடுத்தார்கள். கூடுதலாகத் தூங்கினால் காசு என்றும் சிலருக்குச் சொன்னார்கள். தூக்கம் 27 நிமிடம் கூடியது. வேலை கணிசமாகக் கூடும் என்று நிபுணர்கள் கணித்திருந்தார்கள். கூடவில்லை. வேலை செய்த நேரம்தான் கொஞ்சம் குறைந்தது! படுக்கையில் கிடக்கும் நேரம் நீண்டதே தவிர, அடிக்கடி விழிப்பது நிற்கவில்லை.

பலன் வந்தது பகலில். வேலையிடத்திலேயே அரை மணி நேரம் படுக்க வசதி செய்து கொடுத்தபோது கவனம் கூடியது, மனம் தெளிந்தது, ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலையும் உயர்ந்தது. அந்த அரை மணியைச் சும்மா ஓய்வாகக் கழித்தவர்களைவிடத் தூங்கியவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். ஆனால் அந்த நேரத்திலும் வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டால் வருமானம் குறைவு. முதலாளிகள் இந்த வரியைத்தான் முதலில் படிப்பார்கள். தவறு நடந்தால் பெரிய நஷ்டம் வரும் வேலைகளிலாவது அவர்கள் அதற்கு முந்தைய வரியையும் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

வீட்டிலிருந்து வேலைக்குக் கூடவே வருவது தூக்கக் குறைவு மட்டுமில்லை, கடனும்தான். ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் 408 பேரிடம் ஷில்பாக்கும் சுப்ரீத் கௌர் முதலானோரும் இன்னொரு சோதனை செய்தார்கள். கடன் கவலை கொஞ்சம் தணியட்டும் என்று, கடைசியில் தர வேண்டிய கூலியில் ஒரு பங்கைச் சிலருக்கு முன்னதாகவே கொடுத்தார்கள். கூலி விகிதம் கொஞ்சமும் கூடவில்லை. ஆனால் அவர்கள் தைத்த தட்டுகள் சுமார் 7 சதவீதம் அதிகம்; கவனப் பிசகும் குறைவு. ஏழ்மை கூடியவர்களிடம் மாற்றம் இன்னும் பெரிதாக இருந்தது.