சூரியன் மறையாத ஊரில் நோன்பு திறப்பது எப்போது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதிக்கு நீங்கள் என்றாவது போயிருக்கிறீர்களா? கார், பேருந்து, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்பேசி என்று எத்தனையோ பொருள்கள் அங்கே தயாராகின்றன. அந்தப் பெரிய கூடங்களில் பலவற்றுக்குச் சன்னல் கிடையாது. உள்ளே நுழைந்துவிட்டால் காலை பத்து மணியும் இரவு பத்து மணியும் ஒன்றுதான். விளக்குகள் எப்போதும் ஒரே மாதிரி எரியும். கண்ணாடி உருக்கும் உலையைப் பற்ற வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அணைப்பதே இல்லை! இரண்டாம் ஷிப்ட்டுக்கு மதியம் உள்ளே போகும் தொழிலாளிக்கு அன்றைய சூரியன் மறைவது கண்ணில் படாது.

இப்போது அந்தத் தொழிலாளி ஒரு முஸ்லிம் என்றும், மாதம் ரமலான் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வைகறை வெளுக்கும் முன் சஹர் உணவை முடித்தவர், சூரியன் மறையும் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் அருந்துவதில்லை. சூரியன் மறைந்த கணத்தில் ஒரு பேரீச்சம் பழம், கொஞ்சம் தண்ணீர், பிறகு நோன்புக் கஞ்சி. ஆனால் சூரியனையே பார்க்க முடியாதவருக்கு அது மறைந்தது எப்படித் தெரியும்? ஊர்ப் பள்ளிவாசல் அச்சிட்டுக் கொடுத்த கால அட்டவணை சட்டைப் பையில் இருக்கிறது. கடிகாரம் சுவரில் இருக்கிறது. இரண்டையும் பார்த்து அவர் நோன்பைத் திறந்துவிடுகிறார். வானத்தின் வேலையை ஒரு துண்டுக் காகிதம் செய்து முடிக்கிறது.

இதில் ஒரு சிறிய சிக்கல் வரலாம். அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் அஸ்ஸாமின் குவாஹாட்டியிலிருந்து வந்த ஓர் இளைஞர் வேலை செய்கிறார் என்று கற்பனை செய்யுங்கள். அவர் செல்பேசியில் இருப்பது சொந்த ஊரின் அட்டவணை. மார்ச் முதல் வாரத்தில் குவாஹாட்டியில் மாலை 5.30க்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஸ்ரீபெரும்புதூரிலோ ஏறத்தாழ 6.20 ஆகும். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான். சூரியன் ஒன்றுதானே என்று கேட்கிறீர்களா? பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. குவாஹாட்டி நமக்குக் கிழக்கே கிட்டத்தட்ட 12 பாகை தள்ளி இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 47 நிமிடம் வரும். மீதியுள்ள சில நிமிடங்கள், அந்த ஊர் நம்மைவிட வடக்கே இருப்பதால் வந்தவை. ஆகவே அந்த இளைஞர் ஊர் அட்டவணைப்படி நோன்பு திறந்தால், வெளியே வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும். எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர்ச் சூரியனையே பார்க்க வேண்டும் என்பதுதான் விதி.

நல்ல விதிதான். ஆனால் அந்த ஊர்ச் சூரியன் மறையவே மறையாது என்றால்?

நாம் இருப்பது 13 பாகை வடக்கு அட்சரேகை. இங்கே மிக நீண்ட பகல் 12 மணி 53 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 22 நிமிடம். வைகறையிலிருந்து கணக்கிட்டால் நோன்பு பன்னிரண்டரை மணிக்கும் பதினான்கு மணிக்கும் இடையில் அமையும். ரமலான் எந்தப் பருவத்தில் வந்தாலும் நமக்குப் பெரிய வேறுபாடு இல்லை. வெயில்தான் வேறு.

வடக்கே போகப் போகக் கதை மாறுகிறது. பம்பரம் சற்றுச் சாய்ந்து சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். பூமியும் அப்படித்தான், ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்து சுழல்கிறது. சாய்வின் திசை மாறாமலேயே சூரியனைச் சுற்றி வருவதால், ஜூன் மாதத்தில் வட துருவப் பகுதி சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கும். அப்போது லண்டனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் 21 மணி நேரம். அங்கே ஜூன் 21ஆம் தேதிச் சூரியன் நள்ளிரவு தாண்டித்தான் மறைகிறது, மூன்று மணி ஆவதற்குள் மறுபடி எழுந்துவிடுகிறது! இன்னும் வடக்கே, நார்வேயின் ட்ரோம்சோ நகரில் மே மாதப் பின்பகுதி தொடங்கி ஜூலைப் பின்பகுதி வரை அது மறைவதே இல்லை.

நள்ளிரவில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஊரின் அட்சரேகையோடு 23.4ஐக் கூட்டி 90ஐக் கழியுங்கள். ட்ரோம்சோ 69.6 பாகையில் உள்ளது. விடை 3 பாகை. அதாவது ஜூன் 21 அன்று நள்ளிரவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே மூன்று பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறையும் உயரம் அவ்வளவுதான். நம் ஊருக்கு இதே கணக்கைப் போட்டால் விடை கழித்தல் குறியோடு வரும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது என்று பொருள்.

இது ஏதோ அயலார் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். நார்வேயின் வட கோடியில் உள்ள மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் ஈழத் தமிழர்கள் பலர் வேலை பார்த்திருக்கிறார்கள். ஸ்வால்பார்டு தீவில், ஏறத்தாழ 79 பாகை வடக்கில், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 ஜூலையில் திறக்கப்பட்டது. அங்கே ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நான்கு மாதமும் ஒரே பகல். தென் கோடியில் அண்டார்க்டிகாவின் மைத்ரி நிலையத்திலோ நம் மார்கழி மாதம் முழுக்கச் சூரியன் மறையாது. அண்டார்க்டிகாவுக்கு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் இந்தியக் குழுவின் தலைவர் யார் தெரியுமா? கடலியல் அறிஞர் சையத் ஜஹூர் காசிம். அவர்கள் 1982 ஜனவரி 9 அன்று கரையிறங்கியபோது அங்கே இரவு என்பதே கிடையாது. அந்த ஆண்டு ரமலான் ஜூன், ஜூலையில் வந்ததால் பனிப் பாலையில் நோன்புக் கேள்வி எழவில்லை.

ஆனால் இந்தக் கேள்வி ஆயிரம் ஆண்டுப் பழையது. கி.பி. 921இல் பாக்தாதின் கலீபா, வோல்கா நதிக்கரையில் இருந்த பல்கார் அரசுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதில் போன இப்னு பத்லான் என்பவர் தம் பயணக் குறிப்பில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். பாக்தாதிலிருந்து வந்து அங்கே அரசருக்குத் தையல் வேலை செய்த ஒருவரோடு அவர் கூடாரத்தில் பேசிக்கொண்டிருந்தார். இரவுத் தொழுகைக்கான பாங்குக்காகக் காத்திருந்தார்கள். பேச்சுச் சற்று நேரம்தான் நடந்தது. பாங்கு கேட்டது. வெளியே வந்து பார்த்தால் பொழுது விடிந்திருக்கிறது! எந்தத் தொழுகைக்கு அழைத்தீர் என்று பாங்கு சொன்னவரைக் கேட்டார். அதிகாலைத் தொழுகைக்கு என்றார் அவர். அப்படியானால் இரவுத் தொழுகை? அதை மாலைத் தொழுகையோடு சேர்த்தே தொழுதுவிடுகிறோம் என்று விடை வந்தது. விடியலைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்றும் அந்த மனிதர் சொன்னாராம். பாவம்!

பல்கார் ஏறத்தாழ 55 பாகை வடக்கில் உள்ளது. அங்கே கோடையிலும் சூரியன் மறையத்தான் செய்கிறது. பிறகு ஏன் இந்தக் குழப்பம்? இருட்டு என்பது சூரியன் மறைந்தவுடன் வருவதில்லை. அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கும் வரை அதன் ஒளி மேல் காற்றில் சிதறி வானத்தை மங்கலாக வெளுக்க வைத்திருக்கும். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அந்தி முடிந்துவிடுகிறது. பல்காரில் ஜூன் மாதச் சூரியன் சாய்வாக வழுக்கிக்கொண்டு போய் நள்ளிரவில் 12 பாகை ஆழத்தைக்கூட எட்டாமல் திரும்பிவிடும். மாலை அந்தியும் காலை அந்தியும் கைகோத்துக்கொள்கின்றன. நோன்பு தொடங்குவது சூரிய உதயத்தில் அல்ல, வைகறையில் என்பதை நினைவில் வையுங்கள். வைகறை எது என்று பிரிக்கவே முடியாத இந்தத் தொல்லை 48.5 பாகையிலேயே தொடங்கிவிடுகிறது. பாரிஸ் நகரம் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இருக்கிறது.

சரி, சூரியன் மறையாத ஊரில் என்னதான் செய்கிறார்கள்? மார்க்க அறிஞர்கள் இதற்கு அடிப்படையாகக் கொள்வது ஒரு பழைய உரையாடலை. உலக முடிவுக் காலத்தில் ஒரு நாள் ஓராண்டு போல நீளும் என்று நபிகள் நாயகம் சொன்னபோது, அந்த நாளில் ஒரு நாள் தொழுகை போதுமா என்று தோழர்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தை மதிப்பிட்டுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் விடை வந்ததாக ஹதீஸ் நூல் கூறுகிறது. மதிப்பிடு என்பதுதான் திறவுகோல். சூரியன் தெரியாவிட்டால் கணக்கு இருக்கிறது.

எந்த ஊரை வைத்து மதிப்பிடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. பகலும் இரவும் பிரிகிற மிக அருகிலுள்ள ஊரின் நேரத்தை எடுத்துக்கொள் என்பது ஒரு சாரார் கருத்து. 1978இல் சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர்கள் சபை இவ்வாறு தீர்மானித்தது. இருபத்துநான்கு மணிக்குள் சூரியன் மறைகிற ஊராக இருந்தால் பகல் எவ்வளவு நீண்டாலும் முழுக்க நோன்பிருக்க வேண்டும், தாங்க முடியாதவர்கள் விட்டுவிட்டு வேறு நாளில் ஈடு செய்யலாம் என்றும் அது கூறியது. எகிப்தின் தாருல் இஃப்தா அமைப்போ, பகல் மிக நீளும் ஊர்களில் மக்காவின் நேர அளவைப் பின்பற்றலாம் என்கிறது. 21 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் ஒருவர் வேலைக்கும் போய் வருவதை நினைத்துப் பார்த்தால், இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல என்பது விளங்கும். நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் தொடக்கத்திலிருந்தே விலக்கு உண்டு.

ட்ரோம்சோ முஸ்லிம்கள் மக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்காவில் அன்று மாலை 7 மணிக்குச் சூரியன் மறைந்தால், இவர்கள் நார்வேக் கடிகாரத்தில் 7 மணிக்கு நோன்பு திறக்கிறார்கள். வெளியே வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கும்! கனடாவில் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் இனுவிக் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள சிறு சமூகத்துக்கு 2010இல் ஒரு பள்ளிவாசல் வந்தது. ஆம், 'வந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். வின்னிபெக் நகரில் கட்டி முடித்து, லாரியிலும் பிறகு ஆற்றில் தெப்பப் படகிலும் ஏற்றி ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் பார்ப்பது தெற்கே உள்ள எட்மன்டன் நகரத்தின் அட்டவணையை. இதில் எது சரி என்று வானியலைக் கேட்டால் அது வாய் திறக்காது. சூரியன் எங்கே நிற்கிறது என்று மட்டும் விநாடி சுத்தமாகச் சொல்லும்.

உயரம் கூடினாலும் இதே விளையாட்டுத்தான். துபாயின் புர்ஜ் கலீபா கட்டடம் 828 மீட்டர் உயரம். மேல் மாடியிலிருப்பவருக்கு அடிவானம் தாழ்ந்து தெரிவதால், தரையில் மறைந்துவிட்ட சூரியன் அவருக்கு இன்னும் தெரியும். எனவே 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேல் மூன்று நிமிடமும் பொறுத்து நோன்பு திறக்க வேண்டும் என்று அங்குள்ள முப்தி 2011இல் அறிவித்தார். ஒரே கட்டடத்தில் மூன்று அஸ்தமனம்!

அதையும் தாண்டி விண்வெளிக்குப் போவோம். மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ஷுகூர் என்ற எலும்பு மருத்துவர், 2007 அக்டோபர் 10 அன்று கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து புறப்பட்டார். ரமலான் முடிய இரண்டு மூன்று நாள்களே பாக்கி. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 90 நிமிடத்தில் பூமியைச் சுற்றுகிறது. நாளொன்றுக்கு 16 உதயம், 16 அஸ்தமனம். அப்படியே பின்பற்றினால் ஒவ்வொரு நோன்பும் ஒரு மணி நேரம்கூட வராது. மலேசிய மார்க்க அறிஞர்கள் இதற்கென்றே ஒரு கையேடு தயாரித்தார்கள். ராக்கெட் புறப்பட்ட இடத்தின் நேரத்தையே கொள்ள வேண்டும். விரும்பினால் தரைக்குத் திரும்பிய பிறகு நோன்பை ஈடு செய்யலாம் என்று அதில் விடை கண்டார்கள். ஒரகடத்துத் தொழிலாளியின் சட்டைப் பையில் இருக்கும் அட்டவணைக்கும் இதற்கும் அப்படியொன்றும் தூரமில்லை.

இனி ஒரு கணக்கு. ரமலான் சந்திர மாதம். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 அல்லது 355 நாள்தான். ஆகவே நம் நாட்காட்டியில் அது ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. ஏறத்தாழ 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2016இல் ஜூன் மாதத்தில் வந்த ரமலான், 2026இல் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. 2030ஆம் ஆண்டில் என்ன ஆகும்? ஜனவரியில் ஒரு முறையும், டிசம்பர் கடைசியில் இன்னொரு முறையும் ரமலான் தொடங்கும். ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. நண்பகலில் சற்று நேரம் நீல வெளிச்சம் மட்டும் பரவும். மறையாத சூரியனுக்காக வகுத்த அதே அட்டவணையை அப்போது உதிக்காத சூரியனுக்காக எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்த டிசம்பர் மாலையில் ஸ்ரீபெரும்புதூரில் சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்பதை, மேலே சொன்ன விவரங்களைக் கொண்டு நீங்கள் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு குறிப்பு: நம் ஊர் இந்திய நேரக் கோட்டுக்கு மேற்கே இரண்டரைப் பாகை தள்ளி இருக்கிறது.