நித்திரைக்கும் அடங்காத ஆயாசம்

கதிர்காமம் என்றதும் தமிழர் பலருக்கு இலங்கையின் தென்கிழக்கிலுள்ள முருகன் தலமும், யாழ்ப்பாணத்திலிருந்து அதை நோக்கி வாரக்கணக்கில் கால்நடையாகவே செல்லும் அடியார் கூட்டமும் நினைவுக்கு வரும். புதுச்சேரிவாசிகளுக்கோ அது வழுதாவூர்ச் சாலைப் பக்கத்து ஊரின் பெயர், இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு நோயாளிகளின் நடமாட்டத்தால் பிரசித்தி பெற்றுவிட்ட இடம். அதிக தூரமில்லாத கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியைத் தன் பூர்வீகமாகக் கொண்ட அந்த ஸ்தாபனத்தின் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் விடியுமுன்னே பஸ் ஏறி வருகிறவர்கள் ஏராளம். ‘அசதியா இருக்கு’ என்பது, அவர்கள் தங்களுக்குள் ஓயாமல் சொல்லிக்கொண்டு, வைத்தியரின் முன்னால் உட்கார்ந்ததும் விழுங்கிவிடுகிற வார்த்தை.

விழுங்குவதற்குக் காரணமில்லாமல் இல்லை. இவ்வளவு பெரிய வியாதிக்கு நடுவே அசதியைப் போய் ஒரு குறையாகச் சொல்வதா என்ற கூச்சம் ஒரு பக்கம்; சொன்னால் எங்கே மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் மறுபக்கம். தவிர, அசதி என்ற சொல்லே இந்த உபாதையைத் தாங்கப் போதுமானதாக இல்லை என்பது என் அபிப்பிராயம். நாள் முழுதும் நாற்று நட்டவளுக்கு வரும் களைப்புக்கு ஒரு கணக்கு உண்டு: சரீரம் பட்ட கடனை ஒரு வேளைச் சோறும் ஓர் இரவு நித்திரையும் தீர்த்துவிடும். புற்றுநோயாளியின் ஆயாசத்துக்கு அந்தக் கணக்கே கிடையாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் உடம்பு அடித்துப் போட்டாற்போல் கிடக்கும். தலை வாரத் தொடங்கினால் பின்னல் முடியுமுன் கை கீழே விழும். பத்திரிகையில் ஒரு வரியைப் படித்து அடுத்த வரிக்குப் போவதற்குள் முந்தியது மறந்துவிடும். செய்த வேலைக்குச் சற்றும் பொருந்தாத, ஓய்வினாலும் விலகாத, உடலோடு மனத்தையும் புத்தியையும் சேர்த்து அழுத்துகிற சோர்வு என்பதே வைத்திய சாஸ்திரம் இதற்குக் கூறும் லட்சணம்.

இதற்கு மூலகாரணம் ஒன்றல்ல. நோயும் சிகிச்சையும் சேர்ந்து உடம்பில் சைட்டோகைன் என்னும் இரசாயனங்களைப் பெருக்குகின்றன. சாதாரண ஜுரத்தின்போது நம்மைப் படுக்கையில் தள்ளுகிறவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதாம். ரத்தசோகை இன்னொன்று. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இறங்கினால் அது சோகையே; அதை ரத்தப் பரிசோதனையால் அறிந்து ஏற்ற சிகிச்சை செய்ய வேண்டுமேயன்றி, பக்கத்து வீட்டார் சிபாரிசு செய்யும் பீட்ரூட் சாற்றை நம்பிக் காலம் கடத்தலாகாது. புகையிலைப் பழக்கத்தால் வாயிலும் தொண்டையிலும் வரும் புற்று நம் நாட்டில் அதிகம். அதற்காகக் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, எல்லாம் முடிந்து மாதங்கள் சென்றபின், தைராய்டுச் சுரப்பி மந்தமாகி அதனாலேயே சோர்வு வருவதுண்டு. வாய்ப்புண்ணால் உணவு இறங்காமை, வலி, வலிக்காகத் தரும் மாத்திரைகளின் மயக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு பெண்ணின் கல்யாணத்தை எண்ணும் கவலை ஆகிய எல்லாமும் தத்தம் பங்கைச் செலுத்துகின்றன.

இந்த ஆயாசத்துக்கு ஒரு பஞ்சாங்கமும் உண்டு. கீமோ மருந்து ஏற்றிய பின் சில நாட்களில் அது உச்சத்துக்கு ஏறி, மெல்லத் தணிந்து, அடுத்த முறை ஏற்றியதும் திரும்பி வரும். நம் ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று வழங்கும் கதிர்வீச்சில் அது வாரத்துக்கு வாரம் சேர்ந்துகொண்டே போய், சிகிச்சை முடியும் தறுவாயில் மிகுந்து, முடிந்த பிறகும் சில வாரங்கள் நிற்கும். சிலருக்கு மாதக்கணக்கிலும், வருஷக்கணக்கிலும்கூட நீடிப்பதுண்டு. இதை முன்கூட்டியே யாரேனும் சொல்லியிருந்தால், வியாதி மறுபடி தலைதூக்கிவிட்டதோ என்று இருட்டில் கிடந்து நடுங்கும் எத்தனையோ இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

‘நீ படுத்துக்கோம்மா, எல்லாம் நான் பார்த்துக்கறேன்’ என்று மகள் சொல்வது அன்பினால்தான். ஆனால் முழுநாளும் படுத்திருக்கும் உடம்பில் தசை தளர்கிறது. தசை தளர்ந்தால் சிறு காரியமும் பெரும் பிரயாசையாகிறது. பிரயாசைக்கு அஞ்சி மறுபடியும் படுக்கை. 113 பரிசோதனை ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரையொன்று, தேகப் பயிற்சியும் மனத்தைப் பழக்கும் சிகிச்சையும் இச்சோர்வைத் தணிப்பதில் மருந்துகளைவிட மேலானவை என்று கண்டது. களைத்தவனை நடக்கச் சொல்வது முதலில் எனக்குக் கொடுமையாகவே பட்டது. யாரும் ஈழத்துக் கதிர்காமத்துக்கு நடக்கச் சொல்லவில்லை. வெயில் தாழ்ந்தபின் மொட்டை மாடியிலோ தெருக்கோடி வரையிலோ பத்து நிமிஷம், முடிந்தால் பிறகு கொஞ்சம் கூட. எலும்பில் நோய் பரவியவர்களும், ரத்த அணுக்கள் குறைந்தவர்களும், மூச்சிரைப்பு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். கீமோவுக்குப் பிறகு ஜுரம் கண்டாலோ அசதியும் நடையும் பிறகு. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பகல் தூக்கம் அரைமணியைத் தாண்டாதிருப்பதும், தெம்புள்ள காலை வேளையை மனத்துக்கு உகந்த காரியத்துக்கென்று ஒதுக்கி, துணி துவைப்பதைப் பிறரிடம் விடுவதும் அனுபவத்தில் பலன் தருவன.

பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண்ணால் சோர்வை அளந்து சொல்லும்படி வைத்தியர்கள் கேட்பதுண்டு. நான்கும் அதற்கு மேலும் என்றால் காரணத்தைத் தேடத் தொடங்குவார்கள். எண்ணாகச் சொல்ல வராதவர்கள் வேறு விதமாகச் சொல்லலாம். ‘போன மாசம் வாசலில் கோலத்தை முழுசாப் போட்டேன்; இந்த மாசம் புள்ளி வைத்ததோடு எழுந்துவிட்டேன்’ என்று ஓர் அம்மாள் சொல்வாளானால், எதிரே இருக்கும் டாக்டர் பேனாவை எடுத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டை எழுத அது போதும்.