பொதிகைப் பாறையின் மஞ்சள் ஆர்க்கிட்

தென்னிந்தியாவுக்கென்று உள்ள ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒன்றே ஒன்றுதான்: பாஃபியோபெடிலம் ட்ரூரி. பொதிகை என்று நாம் சொல்லும் அகத்தியமலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், வெயிலும் காற்றும் நேரே வந்து மோதும் சரிவுகளில், பாறை இடுக்கில் படிந்த கொஞ்சம் மண்ணைப் பற்றிக்கொண்டு புற்களுக்கு நடுவே வளர்கிறது.

தண்டுக்கு ஒரு பூ. மஞ்சள் இதழ்களின் நடுவில் அடர்பழுப்புக் கோடு ஓடும். கீழிதழ் ஒரு பையாகக் குழிந்திருக்கும். அதற்குள் விழுந்த பூச்சிக்குத் தேன் கிடைக்காது. வந்த வழியே திரும்பவும் முடியாது. பின்பக்கத்து ரோமங்களைப் பிடித்து ஏறி, குறுகலான சந்து வழியே நெருக்கியடித்துத்தான் வெளியே வர வேண்டும். அந்த நெருக்கலில் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

ஹீபர் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரி 1865இல் திருவிதாங்கூர் மலையில் இதைக் கண்டார். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம், 1874இல் அவர் பெயரையே சூட்டி நூலில் பதிவு செய்தார். விரைவில் செடி ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மஞ்சளுக்காகவும் கோட்டுக்காகவும் கலப்பினம் உண்டாக்குவோர் இதைத் தேடினார்கள். தொட்டியில் இது லேசில் அடங்காது. கிழங்குத்தண்டு நீண்டு மேலேறுவதால் புதுக் குருத்தின் வேர் மண்ணுக்கு எட்டாமல் நிற்கும். அதனால் சாய்த்து நடுவார்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

காட்டில் நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது, 1970களில் மறுபடி தென்பட்டது. இடம் தெரிந்ததும் விற்பனைக்காக ஆயிரக்கணக்கில் பெயர்த்தெடுத்தார்கள். நூறாண்டு வளர்ப்பு வரலாற்றில் மனம் ஆறாத பகுதி இதுதான், விதையிலிருந்தே வளர்த்திருக்கலாமே!

ஆர்க்கிட் விதை தூசி போன்றது. அதற்குள் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணில் உரிய பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். ஆகவே சூறையாடப்பட்ட சரிவு தானாகத் தேறுவது கடினம். ஆய்வுக்கூடத்தில் அந்தப் பூஞ்சையின் வேலையைச் சர்க்கரை கலந்த ஊடகம் செய்கிறது. கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இம்முறையில் கன்றுகளை வளர்த்து, மலைக்கே திருப்பி அனுப்பும் முயற்சியில் இறங்கியது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஸ்லிப்பர் ஆர்க்கிடுகளுக்கும் பொருந்தும். காட்டில் பறிப்பது மட்டுமல்ல, உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். “காட்டிலிருந்து நேரே வந்தது” என்று யாராவது பெருமையாக நீட்டினால், வாங்காதீர்கள்.