டிக்கெட் இல்லாத திருவிழா: நூர்பர்க்ரிங் வேலியோரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

முதலில் வருவது சத்தம்தான். மரங்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு இன்ஜின் உறுமுகிறது. கார் கண்ணில் பட இன்னும் சில நொடிகள் ஆகும். அதற்குள் வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் காபி ஃபிளாஸ்க்கை மூடிவிட்டுத் தலையைத் திருப்பிவிடுகிறார்கள். சரிவில் இறங்கி வருகிறது ஒரு போர்ஷே. வலப்பக்கம் திரும்பி, பள்ளத்தில் ஒரு கணம் அழுந்தி, மறுபடியும் வலப்பக்கமாகவே மேட்டில் ஏறி மறைகிறது. மொத்தமே சில நொடிகள். அதன் பின்னாலேயே வருகிறது, பத்து வருடம் உழைத்துக் களைத்த ஒரு குடும்பக் கார். போர்ஷேவுக்கு எழாத கைதட்டல் இதற்கு எழுகிறது!

இடம், மேற்கு ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பகுதி. கொலோன் நகரிலிருந்து சுமார் 90 கி.மீ. தூரம். நூர்பர்க்ரிங் என்றாலே கார் பிரியர்களுக்குப் புல்லரிக்கும். அதன் பழைய தடமான 'நார்ட்ஷ்லைஃபே', அதாவது வடக்குச் சுற்று, 20.832 கி.மீ. நீளம். நம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடம் 3.717 கி.மீ. என்றால், அதைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 300 மீட்டர் உயர வித்தியாசம். ஒரு பக்கம் வெயில் காயும்போது மறுபக்கம் மழை கொட்டுவது இங்கே சாதாரணம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், ரேஸும் கார் கம்பெனிகளின் சோதனை ஓட்டமும் இல்லாத நாட்களில் இந்தத் தடம் யாருக்கும் திறந்திருக்கும். லைசென்ஸும் சாலையில் ஓடத் தகுதியான காரும் இருந்தால் போதும். ஒரு சுற்றுக்கு 30 யூரோவோ அதற்குக் கொஞ்சம் மேலோ கட்டிவிட்டு, சுங்கச்சாவடி போன்ற தடுப்பைத் தாண்டி உள்ளே போய்விடலாம். சட்டத்தின் கண்ணில் அது அப்போது ரேஸ் தடமே அல்ல. கட்டணம் வசூலிக்கும் ஒருவழிச் சாலை. ஜெர்மனியின் போக்குவரத்து விதிகள் அங்கேயும் செல்லும். முந்துவது இடப்பக்கம் மட்டும்தான். பின்னால் வேகமாக ஒருவர் வந்தால், வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு ஒதுங்கி வழிவிட வேண்டும். போட்டி போடக் கூடாது, நேரம் குறிக்கக் கூடாது. (இந்தக் கடைசி விதியை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பதை வேலிக்கு இந்தப் பக்கம் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.)

ஓட்டுகிறவருக்குத்தான் கட்டணம். பார்க்கிறவருக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. காட்டுப் பாதையில் நடந்து போய் வேலியோரம் நின்றால் உலகத்தின் விதவிதமான கார்கள் கண் முன்னால் போகும். ஜெர்மனியில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்கப் போன பெற்றோர் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே இழுத்து வரப்பட்டிருந்தால், 'இதுக்கா இவ்வளவு தூரம்?' என்று ஆரம்பித்து, சாயங்காலம் 'இன்னும் ரெண்டு கார் பார்த்துட்டுப் போலாம்' என்பதில் முடித்திருப்பார்கள்.

எங்கே நிற்பது?

இருபது கிலோமீட்டரில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று நினைத்தால் தவறு. அனுமதிக்கப்பட்ட இடங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்றது ப்ருன்ஷென். பெயருக்குச் சின்ன ஊற்று என்று பொருள். கார் நிறுத்த இடம் அருகிலேயே இருக்கிறது, நடை குறைவு, மேட்டிலிருந்து பார்த்தால் இரண்டு வளைவுகளும் கண்ணுக்குள் அடங்கும். குழந்தைகள், தாத்தா பாட்டி, நாய்க்குட்டி என்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். இந்த இடத்துக்கு 'யூடியூப் கார்னர்' என்றொரு பட்டப்பெயரும் உண்டு. காரணம் எளிது. வளைவு பார்க்கச் சாதுவாக இருக்கும். சரிவில் வேகம் கூடியிருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. கூட்டம் பார்க்கிறது என்ற நினைப்பில் கொஞ்சம் கூடுதலாக ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். பின்சக்கரம் வழுக்கும். மீதியை எங்கோ ஒரு செல்போன் படம் பிடித்துவிடும்.

ஆடெனாவர் ஃபோர்ஸ்ட் என்னும் இடம் வேறு மாதிரி. மேடு ஏறி வரும் ஓட்டுநருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஏறியதும் இடது, உடனே வலது. பாதை தெரியாதவர்கள் நேராகப் புல்வெளிக்குள் போய்விடுவார்கள். பெரும்பாலும் காருக்கு ஒன்றும் ஆகாது; மானம்தான் போகும். வேலியோரம் எழும் 'ஓ...!' அவர் காதில் விழாது என்பது ஆறுதல்.

காட்டுக்குள் நடக்கத் தயார் என்றால் கருசெல். ராட்டினம் என்று பொருள். கிண்ணத்தின் உட்புறம்போல் சாய்த்துக் கட்டப்பட்ட கான்கிரீட் வளைவு. கார் அதற்குள் தடதடவென்று இறங்கிச் சுற்றி வெளியே துப்பப்படும். அருகில் நின்று பார்த்தால் சக்கரங்கள் படும் பாடு தெரியும்.

பழகிய பார்வையாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடந்து போகும் கார்களை மனதில் குறித்துக்கொள்வார்கள். சாதாரண கார் ஒன்று ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும். 2018-ல் போர்ஷே கம்பெனியின் 919 ரேஸ் கார், விதிக் கட்டுப்பாடுகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு 5 நிமிடம் 19 நொடியில் சுற்றியது, அது தனிக்கதை. பச்சை கார் போயிற்று, வெள்ளை வேன் போயிற்று, சிவப்பு கார் போயிற்று. கால் மணி நேரம் கழித்துப் பச்சை வந்துவிட்டது, வேன் வந்துவிட்டது. சிவப்பு? ஒரு சுற்றோடு வெளியே போய் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

சத்தம் நின்றுபோனால்

காலையிலிருந்து ஓயாமல் கேட்ட உறுமல் திடீரென்று நின்றுவிடும். மஞ்சள் கொடி அசையும். கார்கள் மெதுவாக ஊர்ந்து வரும், பிறகு அதுவும் இல்லை. பறவைச் சத்தம் கேட்கும். தடத்தை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கோ, யாரோ மோதியிருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் வேலியோர முகங்களைப் பார்க்க வேண்டும். சற்று முன்புவரை வழுக்கிய காரைப் பார்த்துச் சிரித்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். மூடிய தடம் சில நேரம் இருபது நிமிடத்தில் திறக்கும். சில நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். இழுவை வண்டி, தடுப்புக் கம்பிக்கான பழுதுச் செலவு என்று எல்லாம் மோதியவர் தலையில்தான் விடியும். ஆயிரக்கணக்கான யூரோ வரை போகலாம். பல இன்ஷூரன்ஸ் பாலிசிகள் இந்த இடத்துக்குப் பொருந்தாது. சாதாரண வாடகை கார் ஒப்பந்தங்களும் ரேஸ் தடத்தில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. சுற்றுக்கு 30 யூரோ என்று நம்பி வந்தவர் காரையும் இழந்து கடனோடு திரும்பிய கதைகள் இங்கே உண்டு. உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன.

இந்தத் தடத்துக்கு 'பச்சை நரகம்' என்று பெயர் வைத்தவர் ஜாக்கி ஸ்டூவர்ட். 1968-ல் மழையிலும் மூடுபனியிலும் நடந்த போட்டியில் இரண்டாவதாக வந்தவரை நான்கு நிமிட இடைவெளியில் தோற்கடித்தவர் அவர். ஜெயித்தவரே வைத்த பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1976 ஆகஸ்ட் 1. இங்கே நடந்த ஃபார்முலா 1 போட்டிக்கு முன்பே, 'இது ஆபத்தான இடம், ஓட்ட வேண்டாம்' என்று சொன்னவர் உலக சாம்பியன் நிக்கி லாடா. சக ஓட்டுநர்களின் பெரும்பான்மை ஆதரவு கிடைக்கவில்லை. இரண்டாவது சுற்றில் அவருடைய ஃபெராரியே மோதித் தீப்பிடித்தது. மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் பின்னால் வந்த ஓட்டுநர்கள் தங்கள் கார்களை நிறுத்திவிட்டு, நெருப்புக்குள் கைவிட்டு அவரை இழுத்துப் போட்டார்கள். இத்தனை நீளமான தடத்தில் எல்லா வளைவிலும் ஆளும் தீயணைப்பு வண்டியும் வைக்க முடியாது என்பது அன்று உலகத்துக்கே தெரிந்தது. அந்த விபத்தின் காட்சியாக இன்றும் உலகம் பார்ப்பது, வேலியோரம் நின்ற ஒரு ரசிகர் சிறிய ஃபிலிம் கேமராவில் எடுத்த படத்தைத்தான். லாடா ஆறே வாரத்தில் கட்டுப்போட்ட தலையோடு இத்தாலியில் ஓட்டி நான்காவதாக வந்தார். ஃபார்முலா 1 மட்டும் வடக்குச் சுற்றுக்குத் திரும்பவே இல்லை. பக்கத்தில் 1984-ல் புதுத் தடம் கட்டிக்கொண்டார்கள்.

ஓட்டுகிறவர் தெரிந்தே ஆபத்துக்குள் போகிறார். பார்க்கிறவர்? 2015 மார்ச் 28-ம் தேதி நடந்த ஒரு ரேஸில், விமானத்திடல் என்று பெயர் கொண்ட மேட்டில் ஒரு நிஸான் கார் காற்றில் எழும்பி, பின்பக்கமாகக் கவிழ்ந்து வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்தார், சிலர் காயமடைந்தார்கள். அதன்பிறகு சில பகுதிகளில் ரேஸ் கார்களுக்கே வேக வரம்பு வைத்தார்கள். மேடுகளைச் சமன்செய்து, கூடுதல் வேலிகள் போட்ட பிறகுதான் 2016-ல் அந்த வரம்பை எடுத்தார்கள். 'இங்கே நிற்காதீர்கள்' என்ற பலகைக்குப் பின்னால் இன்னும் நல்ல புகைப்படம் கிடைக்கும் என்று ஏறிப் போகிறவர்களைப் பழைய ஆட்களே அதட்டிக் கீழே இறக்குவார்கள். அந்த அதட்டலில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஊரே தடம், தடமே ஊர்

1920-களில் இந்தப் பகுதியில் வேலை இல்லை. ஏழை மலைநாடு. வேலையற்றோருக்குப் பிழைப்பு கொடுக்க அரசு உதவியோடு 1925-ல் தொடங்கிய கட்டுமானம் இது. 1927 ஜூனில் திறந்தார்கள். ரேஸ் இல்லாத நேரங்களில் பொதுமக்கள் காசு கொடுத்து ஓட்டும் வழக்கம் ஆரம்பம் முதலே உண்டு. அதனால்தான் உள்ளூர்க்காரர்களுக்கு இந்தத் தடத்தின் மேல் ஓர் உரிமை உணர்வு. சில ஆண்டுகளுக்கு முன்பு பொதுப் பணத்தில் இங்கே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவும் ராட்சத ரோலர் கோஸ்டரும் கட்டினார்கள். ரோலர் கோஸ்டர் சில நாட்கள்தான் ஓடியது. நிறுவனம் 2012-ல் திவாலாகி, 2014-ல் தடம் தனியார் கைக்குப் போனது. 'எங்கள் ரிங்கை விற்காதே' என்று போராடியவர்களில் வேலியோரம் நாற்காலி போடுகிறவர்களும் இருந்தார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் 24 மணி நேர ரேஸுக்குக் கூட்டம் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. காட்டுக்குள் சாரம் கட்டி, சோபா ஏற்றி, அடுப்பு மூட்டி, நாள் கணக்கில் தங்குகிறார்கள். தார்ச்சாலை முழுக்க ரசிகர்கள் பெயின்ட்டால் எழுதிய பெயர்களும் கிறுக்கல்களும். கார்கள் அவற்றின் மேலேயே ஓடுகின்றன.

அந்த 24 மணி நேர ரேஸை 1996-லும் 1997-லும் ஜெயித்த அணியில் இருந்தவர் சபீன் ஷ்மிட்ஸ். இந்த ஊர்ப் பெண். ஹோட்டல் நடத்திய குடும்பத்தில் வளர்ந்தவர். பார்வையாளர்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு தடத்தைச் சுற்றிக் காட்டும் 'ரிங் டாக்ஸி'யைப் பல வருடம் ஓட்டினார். வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டியவர் அவர். புற்றுநோயால் 2021 மார்ச்சில், 51 வயதில் இறந்தார். தடத்தின் முதல் வளைவுக்கு இப்போது அவர் பெயர்.

உலகம் அவரை அறிந்தது போர்ஷேவாலோ ஃபெராரியாலோ அல்ல. பிரிட்டிஷ் டி.வி. நிகழ்ச்சியான 'டாப் கியர்' தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன், டீசல் ஜாகுவார் ஒன்றில் பத்து நிமிடத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கப் படாத பாடுபட்டு, 9 நிமிடம் 59 நொடியில் முடித்தார். 'இந்த நேரத்தை நான் வேனிலேயே எடுப்பேன்' என்கிற மாதிரி சபீன் சிரித்தார். பிறகு நிஜமாகவே சாமான் ஏற்றும் ஃபோர்டு டிரான்ஸிட் வேன் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டினார். 10 நிமிடம் 8 நொடி. ஒன்பது நொடி வித்தியாசத்தில் தோற்றுப்போனார்.

ப்ருன்ஷென் மேட்டில் இன்றும் வெள்ளை வேன் எதுவும் வளைவில் சாய்ந்து வந்தால், மடக்கு நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டுகிறார்கள்.