மென்தொடுகைச் சிகிச்சையும் சீன மருத்துவமும்: நாடுமுன் அறிய வேண்டியவை

உடலைத் தொட்டுச் செய்யும் சிகிச்சைகளைக் கற்பிக்கும் பயிற்சி நிலையங்கள் சில, கிரேனியோசேக்ரல் சிகிச்சையையும் சீன மருத்துவத்தையும் ஒரே பாடத்திட்டத்தில் இணைக்கின்றன. அவ்வாறு பயின்ற ஒருவரிடம் செல்லலாமா என்று நோயாளரும் குடும்பத்தாரும் எங்களிடம் கேட்பதுண்டு. விடை கூறுமுன் இவை எத்தகையன என்பதை விளக்க விரும்புகிறோம்.

இரண்டு வேர்கள்

கிரேனியோசேக்ரல் சிகிச்சை அமெரிக்காவில் தோன்றியது. மண்டையோட்டு எலும்புகளின் இணைப்புகளில் நுண்ணிய அசைவு உண்டு என்று வில்லியம் கார்னர் சதர்லேண்ட் (1873–1954) என்னும் ஆஸ்டியோபதி மருத்துவர் கருதினார். பின்னர் ஜான் அப்லெட்ஜர் அக்கருத்தை விரித்து, இன்றைய பெயரால் பரப்பினார். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த திரவத்திற்குத் தனித் தாளம் உண்டு. ஏறத்தாழ 5 கிராம் எடையளவு அழுத்தத்தால் அதனை உணர்ந்து சீராக்கலாம் என்பது அவர் கொள்கை.

சீன மருத்துவம் இதனினும் மிகப் பழமையானது. ‘சீ’ என்னும் உயிராற்றல் 12 முதன்மைத் தடங்களிலும் 8 சிறப்புத் தடங்களிலும் ஓடுவதாக அது கூறுகிறது. அவற்றுள் ஒன்றான ‘து மாய்’ முதுகெலும்பின் வழியே ஏறி, உச்சந்தலையைக் கடந்து, மேலுதட்டை அடைகிறது. கபாலத்திலிருந்து இடுப்பின் திரிக எலும்பு வரை நீளும் தண்டுவட உறையும் முதுகின் வழியே அமைந்திருப்பதால், இரு மரபுகளையும் இணைத்துக் கற்பிப்பது எளிதாகத் தோன்றுகிறது. ஆயினும் உறை கண்ணால் காணத்தக்க உடற்பகுதி. தடம் ஒரு மரபின் விளக்கம். ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகாது.

ஆய்வுகள் கூறுவன

1994-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று இயன்முறை மருத்துவர்கள் 12 பேரிடம் இத்தாளத்தைத் தனித்தனியே அளந்தனர். அவர்களின் அளவுகள் ஒத்துப்போகவில்லை. ஆகவே, கையால் உணர்ந்த தாளத்தைக் கொண்டு நோயைக் கணிப்பதை நாங்கள் ஏற்பதில்லை. நாட்பட்ட கழுத்துவலியுடைய 54 பேரிடம் ஜெர்மனியில் நடந்து, 2016-இல் வெளியான ஆய்வில் வலி குறைந்தது. எனினும் 2024-இல் வெளிவந்த தொகுப்பாய்வு பயன் எதனையும் உறுதி செய்யவில்லை.

சீன மருத்துவத்தில், மணிக்கட்டின் உட்புறத்தில் மூன்று விரற்கடை மேலேயுள்ள புள்ளிக்கு ஓரளவு வலுவான சான்று உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலை அப்புள்ளியைத் தூண்டுதல் குறைக்கிறது என்பதை 59 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை காட்டுகிறது.

அமைதியான அறையில், பொறுமையுள்ள ஒருவரின் மென்மையான தொடுகை மனத்தின் இறுக்கத்தைத் தளர்த்தக்கூடும். நெடுநாள் நோயுற்றவருக்கு அந்த ஆறுதல் சிறிதன்று. ஆனால் ஆறுதல் வேறு, குணம் வேறு.

எப்போது தவிர்க்க வேண்டும்?

அண்மையில் தலைக்காயம், மூளை இரத்தக்கசிவு, பக்கவாதம், மண்டையோட்டு முறிவு ஏற்பட்டவர்களும், மூளை அழுத்தம் மிகுந்தவர்களும் தலையைக் கையாளும் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும். கால் சிரையில் இரத்தம் உறைந்திருப்போர், எலும்பில் புற்றுநோய் பரவியோர், தட்டணுக்கள் குறைந்தோர், இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்வோர் ஆகியோர் அழுத்திப் பிடித்துவிடுதலுக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கருவுற்றோரும் கைக்குழந்தையின் பெற்றோரும் அவ்வாறே கேட்டறிதல் நலம்.

சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டியவை

எத்தனை காலம், யாருடைய மேற்பார்வையில் பயின்றீர்கள்? எந்த நோய்க்கு இச்சிகிச்சையைச் செய்ய மறுப்பீர்கள்? என் மருத்துவருடன் பேச உங்களுக்கு உடன்பாடா? இவற்றுக்குத் தெளிவான விடை தருபவரை நம்பலாம். மாத்திரையை நிறுத்துங்கள் என்றோ, கீமோதெரபி வேண்டாம் என்றோ கூறுபவரிடமிருந்து அப்போதே விலகிவிடுங்கள்.

இத்தகைய சிகிச்சையை ஏற்கெனவே பெற்று வருவோர் அதனை எங்களிடம் மறைக்க வேண்டாம். கடிந்துகொள்ளமாட்டோம். நீங்கள் பெறும் சிகிச்சைகள் அனைத்தையும் அறிந்தால்தான் உங்களைப் பாதுகாப்பாகக் கவனிக்க எங்களால் இயலும்.