வானத்துப் புள்ளியில் இரும்புக் கணக்கு

ரசம் பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியத்தின் வேலை அது. சூடேறிய சோடியத்துக்கு அந்த மஞ்சள்தான் நிறம். நம் அடுப்பிலும் சரி, 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்திலும் சரி.

ஆண்ட்ரோமீடாவில் நூற்றுக்கணக்கான கோளக் கொத்துகள் உண்டு. லட்சக்கணக்கான விண்மீன்கள் தேனடையை மொய்க்கும் தேனீக்கள்போல் அடைந்து கிடக்கும் உருண்டைகள் இவை. தரையிலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு மங்கிய புள்ளி, அவ்வளவுதான். அத்தனை விண்மீன்களின் ஒளியும் ஒன்றாய்க் கலந்தே வந்து சேர்கிறது.

அந்தக் கலவையை நிறம் நிறமாக விரித்துப் படிப்பதுதான் நிறமாலையியல். சி.டி. தட்டை வெயிலில் சாய்த்தால் வானவில் தெரியுமே, அதே உத்திதான்: நெருக்கமான நுண்கோடுகள் ஒளியைப் பிரித்துவிடும். விரிந்த ஒளியில் ஆங்காங்கே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். விண்மீனின் மேலடுக்கு வாயு தனக்குரிய நிறத்தை விழுங்கிவிட்ட இடங்கள் அவை. சோடியத்துக்கு ஓரிடம், மெக்னீசியத்துக்கு வேறிடம். இரும்புக்கோ ஆயிரக்கணக்கான கோடுகள்!

கோட்டின் இடம் தனிமத்தைச் சொல்லும்; கருமை அதன் அளவைச் சொல்லும். தடிமன் இன்னொன்றையும் சொல்லும். நம்மை நோக்கி வரும் விண்மீனின் கோடு நீலப் பக்கம் சற்று நகரும்; விலகிப் போவதன் கோடு சிவப்புப் பக்கம். ஒரே கோலக் கோட்டின்மேல் பத்துப் பேர் கொஞ்சம் விலகி விலகி இழுத்தால் கோடு தடித்துவிடும் அல்லவா? அப்படித்தான் இங்கும். கொத்து கனமானால் ஈர்ப்பு கூடும், விண்மீன்கள் விரைவாய் ஓடும், கோடு தடிக்கும். தராசே இல்லாமல் ஒரு கொத்தை எடை போட்டாயிற்று.

ஆண்ட்ரோமீடாவில் ஆர்.பி.சி. இ.எக்ஸ்.டி. 8 என்று ஒரு கொத்து. (பெயரா, வண்டி நம்பரா என்று கேட்காதீர்கள்.) வானியலாளர் சோரன் லார்சனும் கூட்டாளிகளும் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியை அதன்மேல் திருப்பினார்கள். 36 அறுகோணத் துண்டுகள் சேர்ந்த 10 மீட்டர் ஆடி அது. 2020இல் முடிவு வெளியானது. கொத்தின் எடை சுமார் 11 லட்சம் சூரியன்கள். இரும்போ பரம ஏழ்மை: எடைக்கு எடை பார்த்தால், சூரியனிடம் 800 ரூபாய் இருந்தால் இதனிடம் 1 ரூபாய்.

அதுவரை தெரிந்த கோளக் கொத்துகளில் ஏழையானவற்றிடமும் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இரும்பு இருந்தது. இரும்பு என்பது பழைய விண்மீன்கள் வெடித்துச் சிதறி விட்டுப்போன சொத்து. அது இவ்வளவு குறைவு என்றால் கொத்து பிறந்த மண்டலம் மிகச் சிறியதாக, மிக இளையதாக இருந்திருக்க வேண்டும். அத்தனை சிறிய மண்டலத்தில் இத்தனை கனமான கொத்துக்கு வேண்டிய வாயுவே தேறாது என்றுதான் கோட்பாட்டாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்குக்கு அடங்காத கொத்தோ கண்ணெதிரே நிற்கிறது. போதாததற்கு, அதன் மெக்னீசியக் கோடுகளும் எதிர்பார்த்ததைவிட வெளிறிக் கிடக்கின்றன.