முத்துக்கரையில் இறைதேடல் – 14: அரசியின் மிதியடிப் பணம்

சென்ற வாரம் மன்னாரின் தோட்டவெளியில் நின்றோம். 1544இன் கடைசி மாதங்கள், யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் வாள், ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள் உயிர் கொடுத்த அறுநூறு எழுநூறு பேர். படித்தவர்களுக்கு நினைவிருக்கும், மறுபடி சொல்லவில்லை.

இந்த வாரம் யோசேவ் வாஸ் அடிகளாரைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் தோட்டவெளி மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்கக் குருவை அனுப்பிய பிரான்சிஸ் சவேரியாரின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கப் போய், நாலாயிரம் பணத்தில் சிக்கிக்கொண்டேன். இதழ் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. அந்த நாலாயிரம் இன்னும் என்னை விடவில்லை. ஆகையால் வாஸ் அடிகளார் சற்றுப் பொறுத்துக்கொள்ளட்டும்.

செய்தி இதுதான். போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் மிதியடிச் செலவுக்கென்று ஒரு பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. அது எதிர்க்கரையான தமிழகத்து முத்துக்குளித்துறையிலிருந்து போனது. ஆண்டுதோறும் நாலாயிரம் பொற்பணம். அரசி மூன்றாம் ஜோவாம் மன்னரின் மனைவி, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தங்கை. லிஸ்பன் அரண்மனையில் அவர் அணிந்த தடித்த அடியுள்ள காலணிகளுக்கான பணத்தை, கடலுக்குள் மூச்சடக்கி இறங்கிய பரதவர்கள் கட்டினார்கள்.

இதைப் படித்தபோது கண்முன் வந்தது ஒரு முத்துக்குளிப்பவரின் கால்தான். நள்ளிரவில் தரைக்காற்று எழும்போது தோணிகள் சிப்பி விளையும் பாருக்குப் புறப்படும். விடிந்ததும் வேலை தொடங்கும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி நிற்பார். கயிறு விடப்பட்டதும் கல் அவரை நேரே அடிக்குக் கொண்டுபோய்விடும். தோணியில் நின்று கயிறு பிடிக்கும் முண்டக்கு கல்லை மேலே இழுத்துக்கொள்வார். கீழே ஒரு நிமிடம்போலத்தான் அவகாசம். கை எட்டிய சிப்பிகளையெல்லாம் அள்ளி வலைப்பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைத்தால் தூக்குவார்கள். மறுபடி மூச்சு, மறுபடி கல். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பும்வரை இதே வேலை. அந்தப் பாதங்களில் செருப்பு ஏறியதில்லை. பவளப்பாறையும் உடைந்த ஓடும் கிழித்த வடுக்கள்தான் இருந்திருக்கும்.

1542இல் சவேரியார் எதிர்க்கரைக்கு வந்தபோது அங்கே ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். 1530களின் நடுவில் வேதத்தில் சேர்ந்தவர்கள். சேர்த்தவர்கள் போய்விட்டார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சவேரியாரே எழுதியிருக்கிறார். ஊருக்கு ஊர் நடந்தார். தமிழ் தெரிந்தவர்களின் உதவியோடு செபங்களைத் தமிழில் ஆக்கி, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். ஒரு மனிதர் எத்தனை ஊரில்தான் நிற்க முடியும்? ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஒருவரைப் பொறுப்பாக வைத்தார். அவர்களைக் கணக்கப்பிள்ளை என்று கடிதங்களில் குறிப்பிடுகிறார். பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கலியாணத்துக்குத் தடை உண்டா என்று விசாரிப்பது, இவையெல்லாம் அவர்கள் வேலை. இன்றைய நம் உபதேசியார்களுக்கு முன்னோர் இவர்கள்.

அவர்களுக்கும் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. சவேரியார் கோவா ஆளுநர் மார்த்திம் அபொன்சோ டி சூசாவிடம் கேட்டார். ஆளுநர் எடுத்துக் கொடுத்தது இந்த மிதியடிப் பணத்தைத்தான். அரசிக்கு உரிய பணத்தை அரசியைக் கேளாமல் எவ்வளவு காலம் எடுப்பது? சவேரியார் அரசிக்கே எழுதினார். சாரம் இவ்வளவுதான்: உங்களை மோட்சத்துக்கு ஏற்றிச்செல்ல, இந்தக் கரையின் கிறிஸ்தவப் பிள்ளைகளைவிட நல்ல மிதியடி வேறு கிடைக்காது, அந்தப் பணத்தை அவர்களுக்குக் கற்பிப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள். அரசி விட்டுக்கொடுத்தார்.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. இத்தொடரைத் தொடக்கத்திலிருந்து வாசித்துவரும் முருங்கன் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "ஐயா, செல்வம் இருந்தால் கடவுளைக் காண முடியாதா? வறுமைதான் வழி என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் எப்போதோ கண்டிருக்க வேண்டுமே." மிகச் சரியான கேள்வி. வறுமையை அலங்கரித்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடனில் வலை வாங்கியவரிடம் போய் உலகச் செல்வம் மாயை என்று பிரசங்கம் செய்வது பாவம் என்றே நினைக்கிறேன்.

மிதியடிப் பணம் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோகிறது. அதே நாலாயிரம், அதே முத்து, அதே மூச்சு. லிஸ்பனுக்குப் போனவரை அது ஒரு காலணி. திரும்பிக் கரைக்கு வந்ததும், மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் ஒரு பிள்ளை தன் தாய்மொழியில் கடவுளைக் கூப்பிடக் கற்றுக்கொண்டது. இது எதிர்க்கரைக் கணக்குத்தான். ஆனால் 1544இல் மன்னாரிலிருந்து அழைப்பு வந்தபோது குருவை அனுப்பும் நிலையில் சவேரியார் இருந்தது அந்தக் கரையில்தான். தோட்டவெளியின் விசுவாசம் கடல் கடந்து வந்த வழி அது.

கொடுக்கச் சொன்னவரும் கொடுத்தவர்தான். சவேரியார் நவார் நாட்டு மாளிகையில் பிறந்தவர். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே கற்பித்தவர். நல்ல பதவியும் வருமானமும் வந்துசேரும் வாய்ப்பு இருந்தது. உலகம் முழுவதும் உன் கைக்கு வந்து ஆன்மா போய்விட்டால் என்ன பயன் என்ற சுவிசேஷக் கேள்வியை, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் அவரிடம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1541இல் லிஸ்பனில் கப்பல் ஏறும்போது, பாப்பரசரின் தூதருக்கு ஒரு வேலையாளாவது வேண்டாமா என்று அரண்மனைப் பிரபு ஒருவர் வற்புறுத்தினார். தன் துணியைத் தானே துவைத்து, தன் சட்டியைத் தானே பார்த்துக்கொள்வதால் குறைந்துபோகும் மதிப்பு தனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். இரண்டு ஆண்டுக்குள் முத்துக்குளித்துறையில் இருந்தார். 1544 ஜனவரிக் கடிதத்தில், பாரிசுக்குப் போய்ப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பைத்தியக்காரனைப்போல் கத்த வேண்டும் போலிருக்கிறது, இவ்வளவு படித்தவர்கள் அங்கே சும்மா இருக்கிறார்களே என்று எழுதினார். அந்தக் கரையில் அவர் கண்ட நிறைவு அந்தக் கடிதத்தில் பொங்குகிறது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோனது என்று சொல்பவரின் குரலில் களைப்பைத் தேடினாலும் கிடைக்காது.

முத்தைப் பற்றி யேசு சொன்ன உவமை எல்லோருக்கும் தெரியும். நல்ல முத்துத் தேடும் வணிகன், விலையுயர்ந்த ஒன்றைக் கண்டதும் உள்ளதையெல்லாம் விற்று அதை வாங்குகிறான். உலகத்தின் எந்தக் கோவிலில் இதை வாசித்தாலும் கேட்பவர் தன்னை வணிகன் இடத்தில் வைத்துக்கொள்வார். நம் முத்துக்கரையின் அரிப்பிலும் சிலாவத்துறையிலும் கேட்டவர் அப்படிக் கேட்டிருக்க முடியாது. முத்தை எடுத்தவர் அவர், வாங்கியவர் வேறொருவர். மூடிய சிப்பியாகவே அது அவர் கையைவிட்டுப் போனது. ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. அரசின் பங்கைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். வாங்கியவர் கொட்டு எனும் அடைப்புகளில் போட்டு அழுகவிட்டு, கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும், செல்வந்தனா கடன்காரனா என்று. குளித்தவரும் தன் பங்கைக் கரையிலேயே சில்லறையாக விற்றுவிடுவார். அப்படிப்பட்டவரிடம் எல்லாவற்றையும் விற்று வா என்றால் அவர் எதை விற்பார்? தோட்டவெளிக்காரர்களிடம் முத்து இல்லை. இருந்தது உயிர். வேதத்தை விட்டால் பிழைக்கலாம் என்ற நிலையில் அதைத்தான் கொடுத்தார்கள். உவமையை முழுதாக வாழ்ந்து காட்டியவர்கள் என்று நான் நம்புவது அவர்களைத்தான்.

குளிப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கடல்கட்டி என்பவர் இல்லாமல் ஒருவரும் பாரில் இறங்கமாட்டார்கள். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அவர் பரம்பரைச் சொத்து. அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில், அப்போது அந்தப் பரம்பரையின் தலைவராக இருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்று எழுதுகிறார். அவருடைய வேதம் மந்திரத்தின் வலுவைக் குறைக்கும் என்று குளிப்பவர் எவரும் எண்ணவில்லையாம். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருட்டில் கல்லோடு இறங்கும் மனிதனுக்கு, கரையில் தனக்காக ஒருவர் வாய் ஓயாமல் மன்றாடிக்கொண்டிருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய துணை! அந்தக் கத்தோலிக்கக் கடல்கட்டி மந்திரத்துக்கு நடுவே அருள்நிறை மந்திரத்தையும் சொல்லியிருப்பார் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

முத்தின் செல்வம் என்ன ஆனது? 1905 குளிப்பில் எட்டுக் கோடி சிப்பி எடுத்தார்கள். மறு ஆண்டு மரிச்சுக்கட்டியில் ஓலையும் பாயும் வேய்ந்த ஒரு நகரமே எழுந்தது. அங்கே கடமைக்கு வந்த இளம் அதிகாரி லெனார்ட் வூல்ஃப் பின்னாளில் அதைக் கதையாகவும் நினைவாகவும் எழுதினார். அதே ஆண்டு லண்டன் கம்பனி ஒன்று பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு அந்தக் கம்பனிக்குச் சிப்பி இல்லை. முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையைக் கடல் அரித்துத் தின்றுகொண்டிருக்கிறது. பேசாலையில் வெற்றி மாதாவின் கோவிலும், வங்காலையில் புனித அன்னம்மாளின் கோவிலும், தலைமன்னாரில் புனித லோறன்சியாரின் கோவிலும் நிற்கின்றன. மக்கள் நிற்கிறார்கள்.

முத்துப் பணம் நின்ற இடம் இன்னொன்றும் உண்டு. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியபோது, எதிர்க்கரைப் பரதவர் பலரை இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களோடு வந்தவர் அண்டிரிக் அடிகளார். நோயாளிகளுக்கு மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஓடிக்கொண்டிருந்தவர். தமிழை முறையாகக் கற்பிக்க மன்னாரிலோ புன்னைக்காயலிலோ ஒரு பல்கலைக்கழகமே வேண்டும் என்று கனவு கண்டவர். அது நடக்கவில்லை. ஆனால் 1578 ஒக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கம் அச்சேறியது. பதினாறு பக்கம். இந்திய மண்ணில் ஓர் இந்திய மொழியின் எழுத்தில் அச்சான முதல் நூல். செலவைக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறை மக்கள். அரசி விட்டுக்கொடுத்த பிறகு ஒரு தலைமுறைக்குள், அவர்கள் தாமாகவே தங்கள் மொழியின் புத்தகத்துக்குப் பணம் கட்டினார்கள். முருங்கன் அன்பருக்கு என் பதில் இதுதான்: செல்வம் கடவுளுக்கு எதிரி அல்ல, அது யார் காலடிக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிறைவு அதைக் கையில் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததாக இந்தக் கரையின் வரலாற்றில் நான் காணவில்லை.

வாஸ் அடிகளாருக்கு இடம் போதவில்லை. 1651இல் கோவாவின் நல்ல குடும்பத்தில் பிறந்தவர், 1687இல் ஒல்லாந்தர் கண்ணில் படாமல் யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரராக இறங்கி, கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகக் கையேந்தி, யார் கத்தோலிக்கர் என்று தேடியவர். அவர் வருவதற்கு முன்பே, 1670இல், மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு இருபது குடும்பங்கள் காட்டுக்குள் ஓடியிருந்தன. அந்தக் காடுதான் மடு. 2015 ஜனவரி 14 காலையில் கொழும்பில் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று மாலையே மடுவுக்கு வந்தார். பிச்சைக்காரக் குருவையும் காட்டுக்கு ஓடிய மாதாவையும் அடுத்த வாரம் ஒன்றாகப் பார்க்கலாம்.

அதற்குமுன் ஒரு வேண்டுகோள். மன்னாரிலும் மாந்தையிலும் உபதேசியார், மூப்பர், அண்ணாவியார் வழிவந்த குடும்பங்களில் பழைய கொப்பிகள் இன்னும் இருக்கின்றன: கையால் எழுதிய செபங்கள், வியாகுலப் பிரசங்கப் பிரதிகள், நாட்டுக்கூத்து ஏடுகள், கோவில் வரிக் கணக்குகள். கூரை மாற்றும்போதும் வீடு வெள்ளையடிக்கும்போதும் அவை குப்பையோடு போய்விடுகின்றன. எறிந்துவிடாதீர்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பக்கங்களைப் படம் பிடித்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். எந்த ஊர், யாருடைய கையெழுத்து என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.